வெட்டினால் தளிர்க்கும் புழுவும் நாற்பதில் தளரும் தொழிலாளியும்

ஒரு புழு இருக்கிறது. அதை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகிறது. பத்தாக வெட்டினால் பத்துப் புழுவாகிறது. தலையை வெட்டினால் தலை முளைக்கிறது. வாலை வெட்டினால் வால் முளைக்கிறது. பட்டினி போட்டால் உடனே சாவதில்லை. உடம்பைச் சுருக்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறது. இரை கிடைத்ததும் மறுபடி வளர்கிறது. இந்தச் சின்னஞ்சிறு ஜீவனை வைத்துக்கொண்டுதான் பல நாட்டு விஞ்ஞானிகள் ஒரு பெரிய கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். மனிதனுக்கு ஏன் மூப்பு வருகிறது? அதைத் தள்ளிப்போட முடியுமா?

மூன்றாவது ஷிப்ட் முடித்துக் கண் எரிய வீடு திரும்பும் மில் தொழிலாளிக்கும், வெயில் ஏறும்வரை களை எடுத்துவிட்டுக் கூலிக்காகக் காத்து நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்தப் புழுவால் என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்த ஆராய்ச்சி நமக்குச் சம்பந்தமில்லாத ஒன்றல்ல என்பது நம் பதில். மூப்பைப் பற்றிய விஞ்ஞானம் யாருக்காவது வேண்டுமென்றால், மற்ற எல்லோருக்கும் முன்னால் மூத்துப்போகும் உழைப்பாளிக்குத்தான் முதலில் வேண்டும்.

புழுவின் கதை

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குத் தட்டைப் புழு புதிதல்ல. குட்டை நீரில் நத்தையின் மூலம் பரவி, ஆட்டின் ஈரலுக்குள் போய்க் குடியேறி, தாடைக்குக் கீழே வீங்க வைத்து ஆட்டைக் கொல்லும் ஈரல் புழு இந்த இனத்தைச் சேர்ந்தது. மனிதன் குடலில் முழக்கணக்கில் வளரும் நாடாப் புழுவும் இதே இனம்தான். ஆனால் நாம் இங்கே பேசும் புழு அவற்றின் சாதுவான உறவு. யார் உடம்பிலும் ஒட்டி உறிஞ்சாமல் தானே இரை தேடி வாழ்வது. விஞ்ஞானிகள் இதைப் பிளனேரியா என்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவு நீளம், தாள் போலத் தட்டையான உடம்பு, தலையில் மாறுகண் பார்ப்பதுபோல இரண்டு கண் புள்ளிகள். நிழலான, சுத்தமான நீரில், கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் நாட்டிலும் இதன் வகைகள் உண்டு. வங்காளத்தின் பெயரையே தாங்கி, தூகேசியா பெங்காலென்சிஸ் என்று ஒரு வகை இருக்கிறது.

1898-ல் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ஹண்ட் மார்கன் இந்தப் புழுவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார். முழு உடம்பில் 279-ல் ஒரு பங்கு இருக்கும் துண்டிலிருந்தும் ஒரு முழுப் புழு உண்டாக முடியும் என்று கணக்கிட்டார். காரணம் என்ன என்பது அன்றைக்கு எட்டவில்லை. மார்கன் பிற்பாடு பழ ஈக்களின் பக்கம் திரும்பி, பரம்பரைக் குணங்களை ஆராய்ந்து 1933-ல் நோபல் பரிசு பெற்றார். புழுவின் ரகசியம் பல காலம் அப்படியே கிடந்தது.

அந்த ரகசியம் இன்று பெருமளவு விளங்கிவிட்டது. இந்தப் புழுவின் உடம்பில் நியோபிளாஸ்ட் என்ற ஒருவகைச் செல்கள் எங்கும் பரவிக் கிடக்கின்றன. மில்லில் பதிலித் தொழிலாளி இருப்பது தெரியும் அல்லவா? கார்டிங்குக்கு ஆள் வராவிட்டால் கார்டிங்குக்குப் போவார். ஸ்பின்னிங்கில் சைடர் வராவிட்டால் அங்கே போவார். அதுபோல இந்தச் செல்கள் தோலுக்கு ஆள் குறைந்தால் தோலாகின்றன, குடலுக்குக் குறைந்தால் குடலாகின்றன, மூளைக்குக் குறைந்தால் மூளையாகவே ஆகின்றன. 2011-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. கதிர்வீச்சினால் இந்தச் செல்கள் அனைத்தும் அழிக்கப்பட்டுச் சாகக் கிடந்த புழுவுக்குள், வேறு புழுவிலிருந்து எடுத்த ஒரே ஒரு நியோபிளாஸ்ட் செல்லை வைத்தார்கள். அந்த ஒரு செல் பெருகிப் பெருகி முழுப் புழுவையும் பிழைக்க வைத்தது.

மூப்பு ஆராய்ச்சிக்கு இந்தப் புழு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். எலியை வைத்து ஆராய்ந்தால் அது கிழடாவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கூண்டு, தீனி, ஆள் என்று செலவு பெரிது. சோதனைச்சாலைகளில் வளர்க்கும் உருளைப் புழு ஒன்று இரண்டு மூன்று வாரங்களில் வாழ்ந்து முடிந்துவிடுகிறது. 1993-ல் அமெரிக்காவின் சிந்தியா கென்யன் குழுவினர், அந்த உருளைப் புழுவின் ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அதன் ஆயுளை இரட்டிப்பாக்குவதைக் கண்டார்கள். மூப்பின் வேகம் கல்லில் எழுதிய எழுத்தல்ல என்று உலகுக்குக் காட்டிய சோதனை அது. ஆனால் வளர்ந்துவிட்ட உருளைப் புழுவின் உடம்பில் பழுதான செல்லுக்கு மாற்றுச் செல் வருவதில்லை. பழைய உடம்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை அதனிடம் கேட்டுப் பயனில்லை. அந்தக் கேள்விக்குத் தட்டைப் புழுதான் பொருத்தம். அதை வளர்ப்பதும் சுலபம். கொஞ்சம் உப்புச் சேர்த்த நீர், ஒரு டப்பா, வாரத்துக்கு ஓரிரு முறை சிறிது ஈரல்; அவ்வளவுதான். தலையை வெட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் புதுத் தலை வந்துவிடும்.

இந்த வேலை வெளிநாட்டில் மட்டும் நடக்கவில்லை. திண்டுக்கல்லில் ரயில் ஏறினால் ஓர் இரவில் போய்ச் சேரும் பெங்களூரில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் இன்ஸ்டெம் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தசரதி பாலகோடேட்டி என்ற விஞ்ஞானியின் குழு இந்தப் புழுவின் செல்கள் எப்படி உடம்பை மறுபடி கட்டுகின்றன என்று ஆராய்ந்து வந்திருக்கிறது. அதே நிலையத்தில் ஆகாஷ் குல்யானியின் குழுவினர், தலை வெட்டப்பட்ட புழுவும் ஒளியை உணர்ந்து விலகி நகர்வதைக் கண்டறிந்து 2021-ல் வெளியிட்டார்கள். கண்ணும் மூளையும் போன பிறகும் உடம்பு ஒளியை அறிகிறது! இந்த நிலையம் பொதுப் பணத்தில் நடப்பது. நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் செலுத்தும் வரி அதில் இருக்கிறது. ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உழைப்பாளிக்கு முழு உரிமை உண்டு.

துண்டின் முடிச்சு

மூப்பைப் பற்றி இந்தப் புழு கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்றைப் பார்ப்போம்.

தறியிலிருந்து இறங்கிய துண்டின் இரு ஓரங்களிலும் நூல்களைச் சேர்த்து முடிந்து விடுகிறோம். அந்த முடிச்சு இல்லாவிட்டால் ஊடை நூல் ஒவ்வொன்றாகப் பிரிந்து துண்டு பாழாகும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நீண்ட இழைகள் இருக்கின்றன. அந்த இழைகளின் நுனியிலும் இதுபோல ஒரு காப்பு உண்டு. அதற்கு டெலோமியர் என்று பெயர். செல் பிரிந்து பெருகும் ஒவ்வொரு தடவையும் இந்த நுனி கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து ஒரு அளவுக்குக் கீழே போனால் செல் பெருகுவதை நிறுத்திக்கொள்கிறது. உடம்பு பழுது பார்க்கும் சக்தியை இழக்கிறது. தேய்ந்த நுனியை மறுபடி நீட்டிக் கொடுக்கும் ஒரு பொருளும் இயற்கையில் உண்டு, அது டெலோமரேஸ். இவற்றைக் கண்டுபிடித்து விளக்கியதற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

2012-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அசீஸ் அபூபக்கர் தலைமையிலான குழு தட்டைப் புழுவில் இதைச் சோதித்தது. உடம்பைப் பிய்த்துக்கொண்டு இனம் பெருக்கும் வகைப் புழு, வெட்டுப்பட்டு வளரும்போதெல்லாம் டெலோமரேஸை அதிகமாகச் செய்து, நுனி தேயாமல் காத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். எத்தனை தலைமுறை வெட்டினாலும் அந்தப் புழு கிழடாகாமலிருப்பதற்கு இது ஒரு காரணம். முட்டையிட்டு இனம் பெருக்கும் வகைப் புழு அப்படியல்ல. அதன் உடம்பில் நுனி தேய்கிறது. அடுத்த தலைமுறை உண்டாகும்போதுதான் நீள்கிறது.

இந்த இரண்டாவது வகைப் புழுவுக்கு மூப்பு உண்டு என்பதை 2025-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் தெளிவாகக் காட்டினார்கள். பிறந்து ஒன்றரை ஆண்டுக்குள் அதன் நடமாட்டம் மந்தமாகிறது, கருவளம் குறைகிறது, உடம்பின் அமைப்பு சீர்குலைகிறது. அப்படி மூத்துப்போன புழுவை வெட்டி, மறுபடி வளர விட்டபோது நடந்ததுதான் அதிசயம். புதிதாக முளைத்த பாகம் மட்டுமல்ல, ஏற்கெனவே இருந்த பழைய பாகமும் இளமைக்குத் திரும்பியது.

இதன் பொருள் என்ன? மூப்பு என்பது ஒரே திசையில் ஓடும் வண்டி, அதை யாராலும் திருப்ப முடியாது என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஜனங்கள் நம்பி வந்தார்கள். தலையெழுத்து என்றார்கள், முன்வினை என்றார்கள். பழனி மலைப்பக்கம் சித்தர்கள் காயகல்பம் தேடினார்கள் என்று கதைகள் உண்டு. அந்தத் தேடலுக்கு இப்போது சோதனைச்சாலை கிடைத்திருக்கிறது. மூப்புக்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றை ஆராயலாம், ஒரு சிறு ஜீவனிலாவது அவற்றை மாற்றலாம் என்று தெரிந்துவிட்டது. புழுவுக்கு ஆனது மனிதனுக்கும் நாளையே ஆகிவிடும் என்று யாராவது மருந்துப் புட்டி விற்க வந்தால் நம்பவேண்டாம். அவன் மோசக்காரன். மனித உடம்பில் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் அது புற்றுநோய். டெலோமரேஸைத் தட்டி எழுப்புவது அவ்வளவு எளிதல்ல. ஆனால் பாதை திறந்திருக்கிறது.

பட்டினி செய்யும் வேலை

இங்கேதான் நாம் புழுவை விட்டு மனிதனிடம் வரவேண்டும்.

1915-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் மானிங் சைல்ட், மூப்பையும் இளமை மீட்சியையும் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தட்டைப் புழுவைப் பட்டினி போட்டால் அது சிறுத்துப்போகிறது, சிறுத்த பிறகு இரை கொடுத்தால் இளம் புழுவைப் போலவே நடந்துகொள்கிறது என்று அதில் எழுதினார். பட்டினி கிடக்கும்போது அதன் உடம்பில் செல்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் தலையும் கண்ணும் குடலும் அதே விகிதத்தில் சிறுத்து, முழு உருவம் குலையாமல் நிற்கிறது.

புழுவுக்குப் பட்டினி இளமையைக் கொடுக்கிறது. நமக்கு?

1944-45 குளிர்காலத்தில் நாஜி ராணுவம் ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. அந்தப் பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளை விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களுக்கு நடுவயதில் இருதய நோய் அதிகமாக இருந்தது. பிறக்கும் முன் பட்ட பட்டினி ஐம்பது வயதில் வந்து வட்டி கேட்கிறது! கருவில் இருக்கும்போதே தாய் அரை வயிறு சாப்பிட்டால், அந்தக் குழந்தையின் மூப்பு அப்போதே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு சாட்சியும் உண்டு. டெலோமியருக்காக நோபல் பரிசு பெற்ற அதே எலிசபெத் பிளாக்பர்ன், எலிசா எபெல் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 2004-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். 58 தாய்மார்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் நீண்டகால நோயுள்ள குழந்தையை வளர்ப்பவர்கள். மனச்சுமை மிக அதிகமாக இருந்த தாய்மார்களின் செல்களில் அந்த நுனி முடிச்சு, சுமை குறைந்தவர்களைவிடப் பத்து ஆண்டு கூடுதல் மூப்புக்குச் சமமாகத் தேய்ந்திருந்தது. சுமை தோளில் மட்டும் உட்காரவில்லை. செல்லுக்குள் போய் உட்காருகிறது. சாமம் வரை மில், விடிந்தால் குடத்தோடு குழாயடி, பிறகு அடுப்பு, கந்துக்கடைக்காரனின் தவணை நாள் என்று ஓடும் நம் வீட்டுப் பெண்களின் செல்களை யார் அளந்து பார்த்தார்கள்?

1967-ல் தொடங்கி பிரிட்டிஷ் சர்க்கார் ஊழியர் 18 ஆயிரம் பேரை ஆராய்ந்த மைக்கேல் மார்மட் குழு இன்னும் தெளிவாகச் சொன்னது. ஒரே சர்க்கார், ஒரே நகரம், ஒரே அலுவலகம். ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் மேல்நிலை அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு விகிதத்தில் செத்தார்கள். புகை பிடிப்பதையும் ரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. நாற்காலி உயர உயர ஆயுளும் உயர்கிறது!

யயாதியின் வாரிசுகள்

இப்போது நம் திண்டுக்கல் சீமைக்கு வருவோம்.

வேடசந்தூர் பக்கமும் பழனி ரோட்டிலும் நூற்பாலைகள் நிற்கின்றன. பேல் உடைக்கும் இடத்திலும், ப்ளோரூமிலும், கார்டிங்கிலும் பஞ்சுத் தூசி அதிகம். அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு இழுப்பவருக்கு வரும் நுரையீரல் நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். அதன் முதல் அடையாளம் விசித்திரமானது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அடுத்தடுத்த நாளில் கொஞ்சம் தணியும். அந்தக் கட்டத்தில் தூசியிலிருந்து ஆளை விலக்கினால் நுரையீரல் தேறிவிடும். கவனிக்காமல் விட்டால் பிறகு தேறவே தேறாது. ஐம்பது வயதுக்காரர் எண்பது வயதுக்காரரின் மூச்சை இழுத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இந்த நோயை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அது இடம் பெற்றது. ஆனால் மில் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள்: உங்கள் மூச்சின் அளவை எத்தனை தடவை யார் சோதித்தார்கள்?

பேகம்பூர் சுற்றுவட்டாரத்துத் தோல் ஷாப்புகளை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் குழியிலும் குரோமியத் தண்ணீரிலும் நின்ற கைகால்களின் தோலைப் பார்த்து யாரும் வயதைச் சொல்லிவிட முடியாது. கழிவு நிலத்தடிக்குள் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் கெட்டு, அந்தத் தண்ணீரை நம்பிய வயலும் கெட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் மாசு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்து, ஒவ்வொன்றுக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளும் அதில் அடக்கம். தட்டைப் புழுவை மூப்பு ஆராய்ச்சிக்கு மட்டுமல்ல, தண்ணீரில் கலந்த உலோகமும் பூச்சிமருந்தும் உயிருக்கு என்ன செய்கின்றன என்று சோதிக்கவும் பயன்படுத்துகிறார்கள். வெட்டுக்குப் பயப்படாத அந்தப் புழு, விஷத் தண்ணீருக்குத் தாக்குப்பிடிப்பதில்லை. கத்தியைவிடக் கழிவுநீர் கொடியது என்று புழுவே சொல்கிறது.

நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கும் பெண்ணையும், முகமூடிகூட இல்லாமல் வயலுக்கு மருந்தடிக்கும் ஆளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

யயாதி ராஜாவின் கதை நம் ஜனங்களுக்குத் தெரியும். சாபத்தால் கிழவனான அந்த ராஜா, தன் மூப்பை மகன் புருவுக்குக் கொடுத்துவிட்டு, மகனின் இளமையை வாங்கி அனுபவித்தான். அது புராணம் என்று நினைக்கவேண்டாம். சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில் இந்த மாவட்டத்து நூற்பாலைகளுக்கு நம் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். மூன்று ஆண்டு ஹாஸ்டலில் அடைந்து உழைத்தால், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். இடையில் நோய் வந்து திரும்பிய பெண்கள் மொத்தத் தொகையைப் பார்க்காமலே வந்தார்கள். பதினாறு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ள இளமையைக் குத்தகைக்கு எடுத்து, களைத்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பதினாறு வயதைத் தேடிப் போவது யயாதியின் வேலையல்லாமல் வேறென்ன? யயாதியாவது கடைசியில் மனம் திருந்தி இளமையை மகனிடம் திருப்பிக் கொடுத்தான். லாபம் எதையும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

நெல்லிக்கனி யாருக்கு?

முதலாளித்துவ உலகம் மூப்பு ஆராய்ச்சியை அலட்சியமாக நினைக்கவில்லை. 2013-ல் கூகுள் கம்பெனி மூப்பை ஆராய கேலிகோ என்ற தனிக் கம்பெனியையே தொடங்கியது. 2022-ல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற கம்பெனி 300 கோடி டாலர் மூலதனத்தோடு தொடங்கப்பட்டது. செல்களை இளமைக்குத் திருப்புவது அதன் நோக்கம். உலகத்தைச் சுருட்டி வைத்திருப்பவர்கள் அதை இன்னும் நூறு வருஷம் வைத்திருக்க ஆசைப்படுகிறார்கள்.

நம் தமிழ் மரபில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. அவன் அரசன், தானே தின்றிருக்கலாம், கேட்பார் இல்லை. அவன் அதை ஒளவையிடம் கொடுத்தான். ஜனங்களுக்கு யாருடைய ஆயுள் பயன்படுமோ அவருக்கு ஆயுள் என்பது அந்தக் கொடையின் நீதி. இன்றைய நெல்லிக்கனி சோதனைச்சாலையில் பழுத்துக்கொண்டிருக்கிறது. அது பழுத்து விழும்போது யார் கையில் விழும்? காப்புரிமைப் பத்திரம் வைத்திருப்பவன் கையிலா, கார்டிங் தூசியில் நிற்பவள் கையிலா? இந்தக் கேள்வியைப் பழம் பழுத்த பிறகு கேட்டுப் பயனில்லை; இப்போதே கேட்கவேண்டும்.

இரண்டு தவறான பேச்சுகள்

இது விஷயமாக இரண்டு விதமான தவறான பேச்சு நம்மிடையே உண்டு.

முதல் பேச்சு: "சோத்துக்கு வழியில்லை, புழுவை வெட்டி விளையாடச் சர்க்கார் பணமா?" கோபம் புரிகிறது, ஆனால் கோபம் போகும் திசை தவறு. மார்கன் புழுவை வெட்டியபோது அதனால் யாருக்கும் ஒரு காசு லாபமில்லை. ஈயைப் பார்த்து, பூஞ்சையைப் பார்த்து, குளத்து ஜீவனைப் பார்த்துத்தான் பரம்பரையும், பென்சிலினும், டெலோமியரும் தெரிய வந்தன. விஞ்ஞானத்துக்குப் போகும் பணத்தை வெட்டினால் அந்தப் பணம் ஏழையின் சட்டிக்கு வரப்போவதில்லை. ஆராய்ச்சி கம்பெனிகளின் கைக்கு மட்டும் போய்ச் சேரும்.

இரண்டாவது பேச்சு படித்தவர்களிடம் உள்ளது: "விஞ்ஞானம் வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும், போராட்டம் எதற்கு?" இதற்குச் சரித்திரமே பதில். 1941-51 பத்தாண்டில் இந்தியனின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 32 வயது. 2016-20 கணக்கில் அது 70. இந்த இரட்டிப்பு எந்த இளமை மருந்தாலும் வரவில்லை. அம்மைத் தடுப்பூசியும், மலேரியா ஒழிப்பும், பிரசவ ஆஸ்பத்திரியும், ரேஷன் அரிசியும், குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்தவை அவை. தடுப்பூசியைக் கண்டுபிடித்தது விஞ்ஞானம். அதைக் குடிசை வரை கொண்டுவந்தது ஜனங்களின் கோரிக்கையும் பொதுச் செலவும். பஞ்சுத் தூசிக்கும் அப்படியே. 1978-ல் அமெரிக்க அரசு மில்களில் தூசிக்குக் கண்டிப்பான வரம்பு விதித்தது. செலவு தாங்காது என்று மில் முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1981-ல் கோர்ட் தொழிலாளியின் உடல்நலத்தின் பக்கம் நின்றது. மெஷின்களை மாற்றினார்கள், சில ஆண்டுகளிலேயே நோய் வெகுவாகக் குறைந்தது. அதற்குப் புழுவும் தேவைப்படவில்லை, புது மருந்தும் தேவைப்படவில்லை. தெரிந்த விஞ்ஞானத்தைச் செய்ய வைக்கும் பலம்தான் தேவைப்பட்டது.

விஞ்ஞானமும் உழைப்பாளியும் ஒருவருக்கொருவர் அந்நியர் அல்ல என்று வாழ்ந்து காட்டியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். லண்டனின் டெய்லி ஒர்க்கர் பத்திரிகையில் தொழிலாளிகளுக்காக நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். 1957-ல் இந்தியாவுக்குக் குடியேறி, கல்கத்தாவிலும் புவனேஸ்வரிலும் வேலை செய்து, 1964-ல் இந்த மண்ணிலேயே மறைந்தார். பிள்ளை பெறும் பருவம் கடந்த பிறகு தாக்கும் பரம்பரை நோய்களை இயற்கைத் தேர்வு களைந்தெறிவதில்லை என்று 1940-களிலேயே அவர் எடுத்துச் சொன்னார். மூப்பு ஏன் உண்டானது என்பதற்கு இன்று சொல்லப்படும் விளக்கத்தின் வேர்களில் அதுவும் ஒன்று. அதாவது மூப்பை இயற்கை ஒரு நோக்கத்தோடு நமக்கு விதிக்கவில்லை, கவனிக்காமல் விட்டுவிட்டது. இயற்கை கவனிக்காமல் விட்டதை மனித சமுதாயம் கவனிக்கலாம்.

நாம் கேட்பது

2021-ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி தமிழ்நாட்டு ஜனத்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 100-க்கு 13 பேருக்கு மேல். கேரளத்துக்கு அடுத்தபடி இங்கேதான் முதியோர் விகிதம் அதிகம். ஆகவே இது பேச்சு சுவாரசியத்துக்காக எடுத்த விஷயம் அல்ல.

நூற்பாலைகளில் தூசியின் அளவு மாதந்தோறும் அளக்கப்பட்டு, கேட் முன்னால் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். நிரந்தரத் தொழிலாளி, பதிலி, கான்ட்ராக்ட், ஹாஸ்டல் பெண் என்ற வித்தியாசமின்றி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சுச் சோதனை நடத்தி, சீட்டை அவர் கையில் கொடுக்கவேண்டும். தோல் ஷாப்புத் தொழிலாளிக்கும், மருந்தடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதே உரிமை வேண்டும்.

வயதான காலத்துக்குச் சோறு வேண்டும். 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷனை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசு வகுத்த பங்கு மாதம் 200 ரூபாய். ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! ஆயுளை நீட்டுவது பற்றிப் பேசுவதற்கு முன், நீண்ட ஆயுளுக்குக் கஞ்சி ஊற்றுவது பற்றிப் பேசட்டும்.

விஞ்ஞானத்துக்கு வஞ்சனையில்லாமல் பணம் ஒதுக்கவேண்டும். பொதுப் பணத்தில் கண்ட உண்மை பொதுச் சொத்தாக நிற்கவேண்டும். அதிலிருந்து நாளை ஒரு மருந்து பிறந்தால் அது முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் வரவேண்டும். மில் கேட்டிலும் நடவு வயலிலும் நிற்பவர்களின் பிள்ளைகளும் அந்தச் சோதனைச்சாலைகளுக்குள் விஞ்ஞானிகளாக நுழையவேண்டும். சிறுமலை ஓடைகளுக்கு நம் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அழைத்துப் போகட்டும். நூலில் கட்டிய ஒரு துண்டு ஈரலை நீரில் விட்டு, கல்லைப் புரட்டித் தேடட்டும். புழு கிடைத்தாலும் சரி, அந்த ஓடை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தாலும் சரி, இரண்டும் படிப்புதான்.

வெட்டுப்பட்ட புழு தளிர்ப்பதற்கு அதன் உடம்பெங்கும் பரவியுள்ள செல்கள் காரணம். காயம் எங்கே பட்டதோ அங்கே அவை ஓடிப் போகின்றன. ஒரு தொழிலாளியின் நெஞ்சு வேடசந்தூரில் இறுகினால் பேகம்பூரும் நிலக்கோட்டையும் அங்கே போய் நிற்கவேண்டும். மூப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் முப்பது வருஷம் முந்தி வரும் மூப்பு இயற்கை அனுப்பியதல்ல. அதைத் தடுக்கும் வழி இன்றைக்கே நம் கையில் இருக்கிறது. சங்கத்தில் சேருங்கள், மூச்சுச் சோதனையைக் கேளுங்கள், கேட்டு வாங்குங்கள்!